புதுப்பிப்பு: கார் ஒருவழியாக என் பெயருக்கு வந்துவிட்டது

சிங்கப்பூரின் ஈசூனில் ஓர் அண்ணனிடம் நேரடியாக வாங்கிய பழைய காரைப் பெயர் மாற்ற முடியவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா, பெயர் மாறும்வரை மீதிப் பணத்தைப் பிடித்து வைக்கச் சொன்னீர்களே, அந்தப் பெயர் மாற்றம் நேற்று முடிந்தது.

நான் சந்தேகப்பட்ட மாதிரி அபராதமோ சாலை வரியோ காரணமில்லை. அவர் கார்க் கடனை எப்போதோ அடைத்துவிட்டார், ஆனால் கடன் கொடுத்த நிதி நிறுவனம் காரின் மேல் பதிந்திருந்த உரிமைக்கோரிக்கையை நீக்கவே இல்லை, அது இருக்கும்வரை பெயர் மாறாது. "நான்தான் முழுசா கட்டிட்டேனே தம்பி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், பாவம், அவர் மேல் தப்பில்லை. கடன் தீர்ந்த கடிதத்தை அவருடைய பழைய மின்னஞ்சலில் தேடியெடுத்து அனுப்பினோம், அப்புறமும் மூன்று தடவை போன் போட வேண்டியிருந்தது.

அது நீங்கியதும் அடுத்த தலைவலி, இது என் கைங்கர்யம். காப்புறுதி வாங்குபவர் பெயரில் இருந்தால்தான் மாற்றம் நடக்கும். நான் எடுத்தேன், ஆனால் வண்டி எண்ணின் கடைசி எழுத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தேன். அந்த எழுத்து சும்மா அலங்காரத்துக்கு இல்லை, முன்னால் உள்ள எழுத்துகளையும் எண்களையும் கணக்குப் போட்டு வருவது!

திருத்திய பிறகு காப்பிக்கடையிலேயே உட்கார்ந்து, அவர் ஒன்மோட்டரிங் என்ற அரசாங்க வாகன இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாகப் பெயர் மாற்றக் கோரிக்கையை அனுப்ப, நான் என் போனில் ஏற்றுக்கொண்டேன், கட்டணம் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நீங்கள் சொன்னபடி பிடித்து வைத்திருந்த மீதிப் பணத்தை அப்போதுதான் பேநவ்வில், அதாவது போன் வழியாக உடனே பணம் அனுப்பும் வங்கிச் சேவையில், அனுப்பினேன். காப்பிக்கு அவரே காசு கொடுத்தார்.