நட்டார்கள், போனார்கள், அளவெடுக்க யார் வருவார்கள்? – பிச்சாவரம் முதல் ஊசுட்டேரி வரை அனுபவங்கள்

கிள்ளையிலிருந்து ஓர் உறுப்பினர்:

காடு, ஏரி, கழிமுகம் என்று பொது நிலங்களில் நடக்கும் ஆய்வுகளில் உடன் வேலை பார்த்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஆய்வாளன் அல்லன். பிச்சாவரத்தில் நடந்த ஓர் அலையாத்திக் காட்டு ஆய்வில் களப்பணியாளனாக இருந்தேன். படகு, உப்பு அளவு, நாற்றுக் கணக்கு மூன்றும் என் பொறுப்பு. சம்பளம் திட்ட நிதியிலிருந்து வந்தது. நிதி முடிந்த மாதத்தோடு வேலையும் முடிந்தது.

படகுத்துறையிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிச்சாவரம் முழுப் பச்சையாகத் தெரியும். வாய்க்கால் ஓரத்தில் சுரபுன்னை, அதன் பின்னால் வெண்கண்டல். அதையும் தாண்டி நடந்தால்தான் வெட்டவெளி வரும். அங்கங்கே உமரி மட்டும் படர்ந்திருக்கும். மற்ற இடமெல்லாம் உப்புப் பூத்த தரை. எங்கள் வேலை பெரும்பாலும் அந்த வெட்டவெளியில்தான்.

அந்த இடம் ஏன் அப்படி ஆயிற்று? ஆடுமாடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டுகிறவர்களும் அழித்துவிட்டார்கள் என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பழியைச் சுமந்தே வாழ்ந்தார்கள். ஆய்வு வந்த பிறகுதான் வேறு காரணம் வெளியே வந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970-கள் வரை இந்தக் காட்டைக் கூப்பு, அதாவது மரம் வெட்டும் பகுதி, எனப் பிரித்து, ஒவ்வொரு கூப்பாக மொட்டையடித்தார்கள். மர நிழல் போனதும் சேற்றில் இருந்த ஈரம் ஆவியாகி, மண் அமுங்கி, நிலம் குழிந்த தாம்பாளம்போல் ஆகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கிக் காய்ந்தது. உப்பு மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு எத்தனை விதை மிதந்து வந்தாலும் முளைக்கவில்லை.

காரணம் தெரிந்ததும் வைத்தியமும் மாறியது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு, வனத்துறையையும் கிராம மக்களையும் சேர்த்துக்கொண்டு இதில் இறங்கியது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். இதை மீன்முள் வாய்க்கால் என்பார்கள். நம் கரையில் ஓதம் ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. அந்தச் சிறிய ஏற்ற இறக்கமே உப்பைக் கழுவிக்கொண்டு போகும்படி வெட்டியதுதான் இதன் சிறப்பு. நாற்றை வாய்க்காலின் அடியிலும் நடுவதில்லை, மேட்டிலும் நடுவதில்லை. கரைச் சரிவின் நடுமட்டத்தில்தான் நட வேண்டும். அப்போதுதான் நீர் ஏறும்போது நனையும், மூழ்கிச் சாகாது.

வேலியும் காவலும் போட்டு ஊராரை விரட்டுவதோடு நின்றிருந்தால் அந்த நிலம் இன்றுவரை உப்புத் தரையாகவே கிடந்திருக்கும். ஆய்வுக்குச் செலவிடும் பணம் வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நான் சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு, வேறொரு திட்டத்தில். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு குழாய்தான் என் கருவி. சேற்றில் வேறொரு குழாய் இறக்கி ஊறிவரும் நீரில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடிப் பட்டையில் விட்டு, மூடியை அழுத்தி, வெயில் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் ஆயிரம் பங்கு நீரில் உள்ள உப்பு. கடல்நீருக்கு ஏறத்தாழ 35 காட்டும். வாய்க்கால் வெட்டாத இடத்தில் வைகாசி வெயிலில் எடுத்த சொட்டுக்குக் கோடு அதைத் தாண்டி வெகுதூரம் ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாறும் கொள்ளிடமும் நன்னீரைக் கொண்டுவந்து தள்ளும்போது அதே இடத்தில் மளமளவென்று இறங்கிவிடும்.

இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களிலிருந்தும் எங்களோடு ஆட்கள் வேலை பார்த்தார்கள். எந்தக் கிளை வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்பதை நாங்கள் அளந்து முடிப்பதற்குள் அவர்கள் சொல்லிவிடுவார்கள். அங்கே இறால் ஏறுவதில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் வண்டல் மூடியிருக்கும்.

ஒருநாள் வனச்சரகர் படகில் வந்தார். புதிதாகப் பொறுப்பேற்றவர். எங்கள் பேராசிரியர் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தூர்வாரப் பணம் வந்தால் எந்த மாதம் வார வேண்டும்?" பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பிரித்து மாதவாரியாக இருந்த எண்களைக் காட்டினேன். வெள்ளம் வண்டலைக் கொண்டுவருவது கார்த்திகை, மார்கழியில். உப்பு உச்சிக்குப் போவது வைகாசியில். ஆகவே தை, மாசியில் வாரிவிட்டால் கோடை முழுவதும் ஓதநீர் தடையில்லாமல் போய்வரும். அவர் அதைத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு தை மாதத்திலேயே ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். என் கையால் எழுதிய எண்கள் ஓர் அரசு வேலையின் மாதத்தை முடிவு செய்ததை நான் பெருமையாகவே சொல்வேன்.

பிறகு திட்டம் முடிந்தது. கருவிகள் பெட்டிக்குப் போயின. வாய்க்கால்கள் இன்னும் இருக்கின்றன. சில ஓடுகின்றன, சில தூர்ந்துவிட்டன. எது தூர்ந்தது, அதனால் எத்தனை மரம் காய்ந்தது என்று யாரும் மாதந்தோறும் எழுதுவதில்லை. நடுவதற்குப் பணம் கிடைக்கிறது. நட்டது என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து பார்ப்பதற்குத்தான் கிடைப்பதில்லை. மற்றவர்கள் ஊரில் எப்படி என்று அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற வனவர், சிதம்பரம்:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் கோப்பில் நடவுக்கு ஒரு கட்டம் உண்டு: எத்தனை எக்டேர், எத்தனை நாற்று. முதல் சில ஆண்டுகளுக்குப் பிழைத்த நாற்றின் விழுக்காடும் எழுதுவோம். அதற்கப்பால் கட்டமே கிடையாது. காட்டுக்கான செயல்திட்டம் பத்தாண்டுக்கு எழுதப்படுகிறது, ஆய்வுத் திட்டமோ பெரும்பாலும் மூன்றாண்டில் முடிந்துவிடுகிறது. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் கனமாக வரும், அலமாரியில் ஏறும். எனக்கு உதவியது ஓர் ஆய்வு மாணவர் ஒரே தாளில் கையால் வரைந்து தந்த வாய்க்கால் வரைபடம்தான். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காவலுக்குப் போவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 26.12.2004 சுனாமிக்குப் பிறகு, அலையாத்திக் காடுதான் நம்மைக் காப்பாற்றியது என்று ஊரே சொன்னது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவருடன் ராஜேந்திரனும் நம் கரையின் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு 2005-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கடலிலிருந்து உள்ள தூரம், தரையின் உயரம், காட்டின் பரப்பு எல்லாவற்றையும் இழப்போடு ஒப்பிட்டார்கள். மறு ஆண்டே வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து, தூரமும் உயரமும்தான் முக்கியம், காட்டின் பங்கை இதிலிருந்து நிறுவ முடியாது என்று மறுத்தார்கள். எங்களில் பலருக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை. எந்தக் குப்பம் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று யாரோ எழுதி வைத்ததால்தான் வாதாடவே முடிந்தது. காடு இருக்கிறது என்ற தைரியத்தில் தாழ்வான மணலில் மறுபடி வீடு கட்டாதே என்பதும் அந்த விவாதத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

கடலூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

எழுதி வைத்தால்தான் வாதாட முடியும் என்று ஐயா சொன்னது கோயில்காட்டுக்கும் பொருந்தும். கடலூர், புதுவைக் கரையோரம் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகள் பெரும்பாலும் ஐயனார் கோயில்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் காடுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தினர் மரங்களை அளந்து 1997-இல் கட்டுரை வெளியிட்டார்கள். நான் உதவியது வேறொரு சிறிய காட்டில்.

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி, சுற்றளவு 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த மரத்துக்கு ஓர் எண். காயா, வீரை, காட்டெலுமிச்சை என்று நான் பெயர் சொல்வேன், ஆய்வு மாணவி எழுதுவார். எண் பொறித்த அலுமினியத் தகட்டை ஆணியால் அடிக்கப் பூசாரி ஒப்பவில்லை. "ஐயனார் மரத்தில் இரும்பு இறங்கக் கூடாது" என்றார். செருப்பையும் எல்லைக்கல்லுக்கு வெளியே விடச் சொன்னார். மாணவி வாதாடவில்லை; மரம் பருத்தாலும் இறுக்காதபடி நைலான் கயிற்றில் தளர்வாகக் கட்டினார். அன்று முதல் பூசாரியே எங்களுக்குக் காவல்.

அளவு முடிந்து, நிதியும் முடிந்து, அவர்கள் போன பின்புதான் தானே புயல் வந்தது. 30.12.2011 விடியற்காலை நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கோயில்காட்டிலும் ஓரத்து மரங்கள் முறிந்தன. எண் கட்டிய காடு என்பதால் எந்த மரம் போனது, எவ்வளவு பருமன், எந்த இனம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட முடியும். ஆனால் வந்து பார்க்கத் திட்டத்தில் பணம் இல்லை. அந்த மாணவி தம் கைக்காசில் பஸ் ஏறி வந்தார். பூசாரி விளக்குமாடத்திலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து அவிழ்த்தார். விழுந்த மரங்களின் தகடுகள் அத்தனையும் அதில் இருந்தன. விறகுக்கு வெட்டுவதற்கு முன்பே கழற்றி வைத்திருக்கிறார். மாணவி குறிப்பேட்டில் எண்களைச் சரிபார்க்க, நானும் பூசாரியும் மரம் இருந்த இடத்தைக் காட்டினோம். ஒரு காடு புயலை எப்படித் தாங்கியது என்ற விவரம் இவர்கள் இருவரின் அக்கறையால்தான் கிடைத்தது. இது ஒரு நிதியின் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும்.

வில்லியனூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஊசுட்டேரியில் எங்களுக்குத் திட்டமும் இல்லை, நிதியும் இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக ஜனவரியில் தொலைநோக்கியோடு கரையில் நிற்கிறோம். ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரி, மறுபகுதி தமிழ்நாடு. இரண்டு அரசுகளும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கின்றன. பறவைக்கு எல்லை இல்லை, கோப்புக்கு உண்டு. ஜனவரிக் கணக்கு மட்டும் போதாது. நீர்மட்டம், மீன்பிடிப்பு, ஆகாயத்தாமரை மூன்றையும் ஆண்டு முழுக்க ஒருவர் பார்த்து எழுதினால்தான் பறவை குறைந்த ஆண்டில் காரணம் சொல்ல முடியும். ஒருவருக்கு மாதச் சம்பளம், அவ்வளவுதான் தேவை.

கிள்ளை உறுப்பினர் (மறுமொழி):

மூவருக்கும் நன்றி. கடலூர் அண்ணா, அந்தத் தகட்டுப் பட்டியலின் நகலை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் கொடுத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி அந்தப் பதிவேடு எழுதுவது குழுவின் கடமை. அலையாத்தி நடவுக்காக 2023-24 மத்திய பட்ஜெட்டில் மிஷ்டி திட்டம் அறிவிக்கப்பட்டதை அறிவீர்கள். இப்படி எந்தத் திட்டம் நம் ஊருக்கு வந்தாலும் கிராமக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது மூன்று: தை, மாசித் தூர்வாரலுக்குத் தனிப் பணம், பத்தாண்டுக்கு உள்ளூரில் ஓர் அளவெடுப்பாளர், ஆண்டுக்கு ஒரு தாளில் தமிழில் முடிவு. வனவர் ஐயா, அந்தக் கையால் வரைந்த வரைபடம் இன்னும் உங்களிடம் இருந்தால் படமெடுத்து இங்கே போடுங்கள். எந்தக் கிளை தூர்ந்திருக்கிறது என்று இந்த ஞாயிறு படகில் போய்க் குறித்துத் தருகிறேன்.