ஸாரி சொல்ல வைத்தால் சண்டை முடிந்துவிடுமா?

மண்சிலேட்டு:
ஈராசிரியர் பள்ளியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன வாரம் ஒன்றியப் பயிற்சியில் மதியம் சாப்பிடும்போது ஒரு சீனியர் சொன்னார், "பசங்க சண்டை போட்டா ரெண்டு பேரையும் நிறுத்தி ஸாரி சொல்ல வை, கை குடுக்க வை, அடுத்த வேலையைப் பார்." சுற்றியிருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு ஷார்ப்னருக்காக இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். நானும் ஸாரி சொல்ல வைத்தேன், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒருவன் கையில் இன்னொருவனின் பல் தடம், ஆறு பல்லும் எண்ணலாம். மறுநாள் கடிபட்டவனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "அவன் ஸாரி சொன்னது உங்ககிட்ட டீச்சர், என்கிட்ட இல்ல" என்றான். கடித்தவனிடம் கேட்டால், முந்தின வாரம் தன் டவுசர் பின்னால் கிழிந்திருந்ததைப் பார்த்து கடிபட்டவன்தான் முதலில் சிரித்து வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறான். ஷார்ப்னர் வெறும் சாக்கு. நான் கேட்காமல் விட்டதால்தான் அந்தக் கடி.

எச்எம்_தெற்குத்தெரு:
டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் என் பள்ளியைப் பாருங்கள். 43 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஆசிரியர் இரண்டு பேர். 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு பேர் போதும் என்று சட்டமே சொல்கிறது. அதில் ஒருவர் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்ற உட்கார்ந்துவிட்டால் மொத்தமும் என் தலையில். இரண்டு பேரின் கதையை நான் கால்மணி நேரம் கேட்டால் மீதி நாற்பத்தொரு பேர் சும்மா இருப்பார்களா? ஒருமுறை இப்படித்தான் ஒரு பஞ்சாயத்தை விசாரித்துக்கொண்டிருந்தபோது பின் வரிசையில் ஒருத்தி கண்ணுக்கு ஒரு விரல் கீழே பென்சில் குத்திவிட்டது. அன்று அவள் அம்மா முன்னால் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். முதல் வேலை பிரிப்பது. அதற்குப் பேர் அலட்சியம் இல்லை.

மண்சிலேட்டு:
பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை சார். அதற்கப்புறம் என்ன என்பதுதான் கேள்வி. அந்த நிமிடத்தில் விசாரணை வேண்டாம், கோபத்தில் இருக்கிற பிள்ளையிடம் கேட்டால் அழுகைதான் வரும். நான் மறுநாள் காலை உணவு முடிந்து பிரேயருக்கு மணி அடிப்பதற்குள் கேட்கிறேன். என்ன நடந்தது, அப்போ உனக்கு எப்படி இருந்தது, இப்போ என்ன செய்தா உனக்குச் சரியாகும், இவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு அந்தப் பையன் சொன்ன பதில், "அவன் நாளைக்கு என் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்." எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

இன்னொன்று, லீடரை வைத்து போர்டில் பேர் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பிடிக்காதவன் பேரை எழுதுவதும், முறுக்கு கொடுத்தவன் பேரை அழிப்பதும், பாதிச் சண்டை அங்கேதான் பிறந்தது.

பழையவாத்தியார்:
35 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவன். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று அப்பன் ஆத்தாளே சொல்லி ஒப்படைப்பார்கள். ஒரு தட்டுத் தட்டினால் இரண்டும் அடங்கும். சாயங்காலமே காய் விட்டது பழமாகி, தோளில் கை போட்டுப் போகும். இப்போது வாத்தியார் என்றால் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை.

ரெட்டைஜடை_அம்மா:
ஐயா, மன்னிக்கணும், தட்டு வாங்கிய பக்கம் இருந்தவள் நான். அடுத்தவள் என் ஜடையை இழுத்தாள், நான் கத்தினேன், இரண்டு பேருக்கும் ஸ்கேலால் அடி. அதற்கப்புறம் அந்த வகுப்பில் எது நடந்தாலும் டீச்சரிடம் நான் சொன்னதில்லை. அடங்கிவிட்டேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். இன்று என் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் நடந்ததை அவள் டீச்சரிடம் தைரியமாகச் சொல்ல வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனதை நோகடிப்பதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

வைகைக்கரை:
எல்லாரும் ஷார்ப்னரிலேயே நிற்கிறீர்கள். நான்காம் வகுப்பில் கபடி ஆடும்போது தோற்றவன் ஜெயித்தவனைப் பார்த்து அவன் தெருப் பேரைச் சொல்லித் திட்டினான். இவன் பிடித்துத் தள்ளினான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வழக்கம்போல இருவரையும் ஸாரி சொல்ல வைத்தார். தள்ளியதற்கு இவன் ஸாரி சொன்னது சரி. ஆனால் அவன் சொன்ன சொல்லை யாரும் வாயில் எடுக்கவே இல்லை. நாங்குநேரியில் 2023-ல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது, கையில் கட்டும் சாதிக் கயிறு வரைக்கும் தடை கேட்டது. அந்த வெறுப்பு பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென்று முளைத்ததா? இதைப் பிள்ளைச் சண்டை என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

எச்எம்_தெற்குத்தெரு:
இதில் நான் உங்கள் பக்கம். ஆனால் செய்யும் விதத்தில் இல்லை. எங்கள் ஊரில் ஒரு இளம் ஆசிரியர் இதை வகுப்பு நடுவில் வைத்துக் கண்டித்தார், நல்ல எண்ணம்தான். மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே இரண்டு பக்கத்து ஆட்களும் நின்றார்கள். திட்டு வாங்கிய பையன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

வைகைக்கரை:
வகுப்பு நடுவில் வைத்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நான் முதலில் திட்டு வாங்கியவன் வீட்டுக்குத்தான் போனேன், அன்று சாயங்காலமே, தனியாக. அவன் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "இதுக்காக ஒரு சார் வீட்டுக்கு வர்றது இதான் முதல் தடவை" என்றார். திட்டியவனின் அம்மாவை அடுத்த நாள் பார்த்தேன். அவன் மூன்று நாள் கழித்துப் போய்ப் பேசினான், நான் கூடப் போகவில்லை.

எச்எம்_தெற்குத்தெரு:
மூன்று நாள் நீங்கள் காத்திருந்தீர்கள். அந்த மூன்று நாளும் இரண்டு பேரையும் எங்கே உட்கார வைத்தீர்கள்? எனக்கு இருப்பது ஒரே அறை சார், அதைச் சொல்லுங்கள்.