மலிவு வைனுக்குப் புள்ளி போடுவது எப்படி?

நல்லூர்க் கொப்பிக்காரன்:
எங்கள் வீட்டில் வைன் என்றால் தோலகட்டி ஆச்சிரமத்து வைன்தான், அதுவும் நத்தாருக்கு மட்டும். இப்போது யாழ்ப்பாண நகரக் கடைகளில் சிலி, அவுஸ்திரேலியப் போத்தல்களில் விலை குறைந்தவற்றை வாங்கி, பத்துக்கு எத்தனை என்று கொப்பியில் புள்ளி எழுதி வருகிறேன். ஆனால் சிலி மெர்லோ என்ற அதே சிவப்பு வைனுக்குத் தை மாதம் எட்டு, சித்திரையில் ஐந்து! கடைக்காரரோ, விலை கூடினால் சுவையும் கூடும் என்று சாதிக்கிறார். எதை நம்புவது? நண்டுக் கறியோடு குடித்தால் எல்லாமே கசக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோண்டாவில் பெரிசு:
தம்பி, முதலில் நண்டுச் சட்டியை அப்பால் வையும். உறைப்பு ஏறிய வாயில் சிவப்பு வைனின் துவர்ப்பும் எரிவும் இரட்டிப்பாகத் தெரியும். கடலுணவோடு இன்னொரு வில்லங்கமும் உண்டு. சிவப்பு வைனில் இருக்கும் இரும்பு, வாயில் மீன் வெடுக்கைக் கிளப்பிவிடும்.

அடுத்தது சூடு. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று சொல்லி வைத்தவன் சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தைக் கண்டிருக்க மாட்டான். அவனுடைய அறை 16, 18 பாகை. நம்முடையது 30க்கு மேல். அந்தச் சூட்டில் மதுசாரத்தின் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை அமுங்கிப்போகும். ஒரு மணித்தியாலமாவது குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடும். அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்தாலும் துவர்ப்பு முன்னுக்கு வந்துவிடும். தைக்கும் சித்திரைக்கும் இடையில் நீர் தொலைத்த மூன்று புள்ளியும் இங்கேதான் கிடக்கிறது என்பது என் சந்தேகம்.

விலைக் கதைக்கு வருவோம். விலை தெரியாமல் சுவைத்தவர்கள் இட்ட 6,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வந்தது. பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடிய வைன் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தது. இதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பகையைத் தேட வேண்டாம்.

புள்ளி போடுவதற்கு முன் உமது நாக்கைச் சோதியும். வீட்டில் யாரையாவது மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லும். இரண்டில் ஒரே வைன், ஒன்றில் வேறு. எது வேறு என்று நீர் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒரு தடவை சரிவரும். ஆகவே ஆறேழு தடவையாவது செய்யும். பிரித்தறிய முடியாத இரண்டு வைன்களுக்கு ஒன்றுக்கு ஆறு, மற்றதற்கு ஏழு என்று போடுவது வெறும் கொப்பி நிரப்பும் வேலை.

பருத்தித்துறையாள்:
மூன்று கிளாஸ் வீதம் ஆறேழு தடவை என்றால், அண்ணை, கடைசியில் எல்லா வைனும் பத்துக்குப் பத்து வாங்கிவிடும்! துப்புவதற்கு ஒரு பாத்திரமும் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி, போத்தலையும் பாருங்கள். கொழும்பிலிருந்து வெயிலில் லொறியில் வந்து, கடையின் கண்ணாடியோரம் மாதக்கணக்கில் நின்றது என்றால் எந்த நாட்டு வைனும் தாங்காது. தக்கை சற்று மேலே எழும்பியிருந்தால் எடுக்காதீர்கள். சூடு பட்ட வைனில் புதுப்பழ வாசனை போய், அவித்த பழத்தின் மணம் வரும். நனைந்த காட்போட் மட்டை மணந்தால் அது தக்கையின் கோளாறு, சூட்டின் வேலை அல்ல. இந்தக் கரைச்சலுக்காகவே நான் திருகுமூடிப் போத்தலைத் தேடி எடுப்பேன். மலிவான வெள்ளை வைன் என்றால் லேபலில் ஆண்டு பார்த்து, மூன்று வருடத்துக்கு மேற்பட்டதைத் தொடமாட்டேன். நண்டுக்குச் சற்று இனிப்பான ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள், உறைப்பை அது தணிக்கும்.

நல்லூர்க் கொப்பிக்காரன்:
இருவருக்கும் நன்றி. மூன்று கிளாஸ் ஊற்ற அக்கா சம்மதித்துவிட்டார். ஆனால் காசு கொடுத்து வாங்கியதைத் துப்ப மனம் வரவில்லையே!

கோண்டாவில் பெரிசு:
ஒரு தடவைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும் தம்பி. மிச்சத்தை இறுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையும், இரண்டு மூன்று நாள் தாங்கும். எந்தக் கிளாஸில் எதை ஊற்றினார் என்பதை அக்கா எழுதி வைக்கட்டும், கொப்பியை உம்மிடம் தரவேண்டாம்.