பி.சி.டி.க்குத் தமிழ்ச் சொல்: மிதவையா, சீராக்கியா, மிதப்பீடா?

அன்புள்ள நண்பர்களே,

ஆழ்முக்குளிப்புக் கையேட்டுக்கு, பி.சி.டி. (முக்குளிப்பவர் தன் மிதப்பைக் கட்டுப்படுத்த முதுகில் அணியும் காற்றுப்பைக் கருவி) என்பதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மிதவை அங்கி, மிதப்புச் சீராக்கி, மிதப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. மூன்றாவது பொருள் பிசகாதது, ஆனால் ஆடும் படகில் நின்று சொல்ல நீளம். ‘மிதவை’ என்றே வைத்துவிடலாமா? காசிமேட்டில் வலையில் கட்டுவதும் மிதவைதான், எல்லோருக்கும் புரியும்.

— அடையாறு

> எல்லோருக்கும் புரியும்.

அந்தப் புரிதலில்தான் ஆபத்து இருக்கிறது, ஐயா. ஆழத்திலிருந்து ஏறுபவர் தன் இடம் படகுக்குத் தெரிய ஒரு நீண்ட ஆரஞ்சுப் பையில் காற்றூதி, நூலோடு மேலே விடுவார். மிதவை என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இறங்குமுன் சொல்லும் குறிப்பில் ‘6 மீட்டரில் மிதவையை ஊதுங்கள்’ என்று வந்தால் புதியவரின் கை எங்கே போகும்? இடது தோளில் தொங்கும் குழாய்க்குப் போனால் முதுகிலுள்ள பை உப்பும், ஆள் ஏறுவார், ஏற ஏறக் காற்று விரியும். 6 மீட்டரில் 10 லிட்டராக இருந்தது மேற்பரப்பில் 16 லிட்டர். டீகோ நிறுத்தம் (உடலில் கரைந்த வாயு வெளியேற ஏறும் வழியில் காத்திருப்பது) முடியாமலே மேலே வந்துவிடுவார்.

‘சீராக்கி’ ரெகுலேட்டருக்கு (உருளைக் காற்றின் அழுத்தத்தைச் சுவாசிக்க ஏற்றபடி குறைப்பது) வேண்டும். ‘சமன்’ காதடைப்பை நீக்குவதற்குப் போய்விட்டது.

இந்தக் கருவி ஆளை மிதக்க வைப்பதற்கானது அல்ல, இழந்த மிதப்பை ஈடுகட்டுவதற்கானது. 12 லிட்டர் எஃகு உருளை இரண்டு, 200 பார் அழுத்தம் என்று வையுங்கள். 4800 லிட்டர் காற்று, லிட்டருக்கு 1.2 கிராம், ஏறத்தாழ 5.8 கிலோ. உருளைகள் காலியாகும் தறுவாயிலும் 3 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிற மாதிரி எடையைக் கணக்கிட வேண்டும் என்பதால், இறங்கும்போது அந்த 5.8 கிலோ மிகையாகவே இருக்கும். 30 மீட்டரில் 4 பார் அழுத்தத்தில் நியோப்ரீன் உடை நசுங்கும். சென்னைக் கடலுக்குப் போதுமான 3 மி.மீ. உடையில் அதனால் இழக்கும் மிதப்பு ஒன்றிரண்டு கிலோ. டீகோ நிறுத்தத்தில் சுவாசிக்கப் பக்கவாட்டில் மாட்டும் உருளையைச் சேர்த்தாலும் 10 கிலோவைத் தாண்டாது. 18 கிலோ தூக்கும் பை தாராளம்.

40 கிலோ பை வாங்குவதால் பாதுகாப்பு கூடுவதில்லை. உப்பாத பகுதி உருளைகளைச் சுற்றி மடிந்துகொள்ளும். மடிப்பில் சிக்கிய காற்று வெளியேற்றும் வால்வுக்கு வராது, ஏறும்போது விரிந்து இழுக்கும்.

காப்பு, ஈடு சேர்ந்து காப்பீடு ஆனதல்லவா? அதே வழியில் ‘மிதப்பீடு’. மிதப்பீட்டுக் கருவி, மிதப்பீட்டுப் பை.

— நீலாங்கரை

நீலாங்கரை நண்பருக்கு,

சொல் நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் இன்ஜின் சத்தத்தில் ‘மதிப்பீடு’ என்றே காதில் விழும். முழுத் தொகுதிக்கு மிதப்பீட்டுக் கருவி இருக்கட்டும், பைக்கு மட்டும் ‘ஈட்டுப்பை’ என்று சுருக்கலாம். காற்றை உள்ளே விடும் பொத்தானுள்ள பிடிக்கு ‘ஊதி’.

எனக்குப் பெரிய கவலை இரண்டு பை உள்ள வகையைப் பற்றி. ‘இரட்டைப் பை’ என்றால் இரண்டையும் ஊத வேண்டும் என்று தோன்றும். ‘துணைப் பை’யும் அப்படித்தான். முதல் பை கிழிந்தால் மட்டுமே இரண்டாவதைத் தொட வேண்டும், அதுவரை அது காலியாக இருக்க வேண்டும். அதன் ஊதி கசிந்து சத்தமில்லாமல் நிரம்பினால், ஆள் முதல் பையையே திரும்பத் திரும்ப வடித்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருப்பார். ஆகவே ‘மாற்றுப் பை’. அதன் குழாயை உருளைகளின் இடது வால்விலிருந்து எடுத்து, இணைப்பைக் கழற்றிக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். முதல் பைக்கு வலது வால்வு. மூழ்கிய கப்பலின் கூரையில் உரசிக்கொண்டு முன்னேறினால் இடது வால்வின் திருகுகுமிழ்தான் மூடும் பக்கமாக உருளும்.

ஊதி ஒட்டிக்கொள்வதையும் இதே பக்கத்தில் சேர்க்க வேண்டும். பொத்தானின் தண்டைச் சுற்றி வெள்ளையாய், சீனித் துகள்போல் உப்பு படியும், அமுக்கினால் திரும்பாது. பை தானாக உப்பத் தொடங்கியதும் ஒரு கை காற்றை வடிக்கட்டும், மறுகை இணைப்பின் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் குழாயைக் கழற்றட்டும். பிறகு தேவைப்பட்டால் வாயால் ஊதலாம். கரையேறியதும் பைக்குள்ளும் நன்னீர் விட்டுக் குலுக்கி வடிக்க வேண்டும்.

— ராயபுரம்

இருவருக்கும் நன்றி. ‘மிதவை’யைத் திரும்பப் பெறுகிறேன், அது மேலே விடும் பைக்கு மட்டும். மிதப்பீட்டுக் கருவி, ஈட்டுப்பை, மாற்றுப் பை, ஊதி ஆகியவற்றைச் சேர்த்துவிட்டேன். உருளைகளையும் பையையும் மாட்டும் தகட்டுக்கு ‘முதுகுத்தகடு’ என்பதில் மாற்றமில்லை. தொடைகளுக்கு நடுவே வந்து இடுப்பு வாரில் கோக்கும் பட்டைக்குக் ‘கவட்டு வார்’ என்று எழுதியிருக்கிறேன். கூச்சம் கருதி ‘கீழ் வார்’ என்றால் இடுப்பு வாரோடு குழம்பும். அது இல்லாவிட்டால் பை உப்பும்போது தகடு நழுவிப் பின்தலையில் முட்டும் என்பதால், எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

— அடையாறு