மூணு மாசம் இரும்பு மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் 8-லேயே நிற்கிறது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

வைகைக்கரை எழுதியது:

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒரு பெண். வயது 38, எடை 52 கிலோ, மூன்று பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்தவர். எந்நேரமும் அசதி, நடந்தால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. சும்மா இருக்கும்போது பச்சரிசி மெல்லும் பழக்கம் உண்டு.

முதலில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.0. அரசு சிவப்பு மாத்திரை (60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்) காலை ஒன்று, இரவு ஒன்று என மூன்று மாதம் கொடுத்தேன். பூச்சிக்கு ஆல்பெண்டசோல் 400 ஒரு தடவை கொடுத்தாயிற்று. இப்போது ஹீமோகுளோபின் 8.2. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 66, ஆர்பிசி (சிவப்பணு எண்ணிக்கை) 40 லட்சம், ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு) 19, பிளேட்லெட் 4.6 லட்சம். வெள்ளணுக்கள் சரியாக இருக்கின்றன.

மற்ற மாத்திரைகள்: தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் 50, கால்சியம் 500, "கேஸுக்கு" பான்டோப்பிரசோல் 40. மாதவிலக்கு சரியாக வருகிறது என்கிறார். மூலம் இல்லை. மலம் கருப்பாகப் போவதில்லை.

டோஸை மூன்றாக ஏற்றலாமா, இரும்பு ஊசிக்கு அனுப்பலாமா? தலசீமியாவாக (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) இருக்குமோ என்றும் யோசனை.

---

பொதுமருத்துவம்_மதுரை எழுதியது:

டாக்டர், நீங்கள் எழுதியதிலேயே ஒரு தடயம் இருக்கிறது. "மலம் கருப்பாகப் போவதில்லை." குடலில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டிருப்பீர்கள், சரிதான். ஆனால் தினம் 120 மி.கி. இரும்பு உள்ளே போனால் அதில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் வெளியே வரும். மலம் பெரும்பாலும் கரும்பச்சையாகவோ கருப்பாகவோ போகும். போகவில்லை என்றால் மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கோபப்படாமல் கேளுங்கள். "மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றால் "சாப்பிடறேன்" என்றுதான் பதில் வரும். "வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது? மீதி அட்டையை எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்று கேட்டால் உண்மை வரும். பாதிப்பேர் நிறுத்துவதற்குக் காரணம் குமட்டல், மலச்சிக்கல், "உடம்பு சூடாகுது" என்ற எண்ணம். கருப்பாகப் போகும் என்று முதல் நாளே சொல்லாவிட்டால் அதைப் பார்த்துப் பயந்தும் நிறுத்துவார்கள்.

டோஸை ஏற்ற வேண்டாம். இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். ஏறக்குறைய ஒரு நாளைக்கு அது குடலின் கதவைப் பாதி சாத்திவிடும். காலையில் ஒன்று போட்டு இரவில் இன்னொன்று போட்டால் இரண்டாவதில் உறிஞ்சப்படுவது குறைவு, குமட்டல் மட்டும் கூடுதல். ஒரே வேளையாகக் கொடுங்கள். தாங்கவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தாலும் போதும். ஒழுங்காகச் சாப்பிட்டால் 4 வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். அந்த நான்காவது வாரத்திலேயே பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

---

மாத்திரைக்கட்டு (மருந்தாளுநர்) எழுதியது:

இவர் சாப்பிடும் நான்கு மாத்திரைகளும் ஒன்றையொன்று கெடுப்பவை. எந்த நேரத்தில் எதைப் போடுகிறார் என்று கேட்டீர்களா சார்? பெரும்பாலும் காலை டிபன் முடித்து, எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி, காபியோடு விழுங்கிவிடுவார்கள். காபி, டீயில் உள்ள பாலிஃபீனால் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். பான்டோப்பிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு கரைவதே குறையும்.

இதில் இன்னொரு நஷ்டம் தைராக்சினுக்கு. இரும்பும் கால்சியமும் அதையும் பிடித்துக்கொள்ளும், நான்கு மணி நேரமாவது தள்ளிக் கொடுக்க வேண்டும். தைராக்சின் சேரவில்லை என்றால் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ரத்த அளவு) ஏறும். தைராய்டு குறைவே மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கை உண்டாக்கும். அப்படியானால் இரும்பு மாத்திரையைத் தப்பான நேரத்தில் போடுவதே இரும்பு இழப்பைக் கூட்டுவதாக ஆகிவிடும். டிஎஸ்எச் கட்டாயம் பாருங்கள்.

நடைமுறைக்கு ஒத்துவரும் அட்டவணை இது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின், தண்ணீரோடு மட்டும். காபி அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் கழித்து. மதியச் சாப்பாட்டோடு கால்சியம். இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டால் பத்து மணிக்குப் படுக்கும்போது இரும்பு, தண்ணீரோடு. இரும்புக்குக் காலை நேரம் கொஞ்சம் மேல் என்பது உண்மைதான். ஆனால் காலையில் தைராக்சின், காபி, டிபன் எல்லாவற்றுக்கும் நடுவில் இடைவெளி கண்டுபிடிக்கச் சொன்னால் பத்து நாளில் விட்டுவிடுவார்கள். எலுமிச்சைச் சாறு, வைட்டமின் சி மாத்திரை சேர்த்தால் நல்லது என்பார்கள்; மாத்திரையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் வருவதில்லை, அதற்காகத் தனிச் செலவு வேண்டாம்.

பான்டோப்பிரசோல் எதற்காக என்று பாருங்கள். புண் இல்லை, தினமும் வலிமாத்திரை சாப்பிடுபவரும் இல்லை என்றால் நிறுத்தலாம். முதல் ஓரிரு வாரம் எரிச்சல் கூடும், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளியில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அட்டையில் "தனி இரும்பு" அளவு எவ்வளவு என்று பாருங்கள். ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. என்றால் உள்ளே சுமார் 65 மி.கி. இரும்புதான். மெதுவாகக் கரையும் வகை, குடலில் போய்க் கரையும் பூச்சு போட்ட வகை எல்லாம் குமட்டலைக் குறைக்கும். ஆனால் இரும்பு உறிஞ்சப்படும் சிறுகுடல் முன்பகுதியைத் தாண்டிப் போய்த்தான் அவை கரையும்.

---

ஸ்லைடு_லேப் எழுதியது:

தலசீமியா சந்தேகத்துக்கு: எம்சிவியை ஆர்பிசியால் வகுத்துப் பாருங்கள். 66-ஐ 4.0-ஆல் (40 லட்சம் என்பது 4.0 மில்லியன்) வகுத்தால் 16.5. பதின்மூன்றுக்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம் சாயும். தலசீமியா மைனரில் (லேசான வகை) ஆர்பிசி பெரும்பாலும் 50 லட்சத்துக்கு மேல் இருக்கும், ஆர்டிடபிள்யூ அவ்வளவாக ஏறாது, ஹீமோகுளோபினும் பொதுவாக இவ்வளவு இறங்காது. பிளேட்லெட் கூடியிருப்பதும் இரும்புக் குறைவில் வழக்கம். இந்தக் கணக்கு ஒரு குறிப்புத்தான், முடிவல்ல. தலசீமியாவைக் கண்டறியும் எச்பிஏ2 (ஹீமோகுளோபினின் ஒரு வகை) பரிசோதனையை இப்போதே எடுக்க வேண்டாம். இரும்பு மிகவும் குறைந்திருக்கும்போது எச்பிஏ2-வும் இறங்கி, 3.5-க்குக் கீழே வந்து ஏமாற்றும். இரும்பு நிரம்பிய பிறகும் எம்சிவி ஏறவில்லை என்றால் எடுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, கணவருக்கும் சேர்த்து உடனே பார்க்க வேண்டும்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஒன்று போதும். 15-க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை, நடைமுறையில் 30-க்குக் கீழே என்றாலே குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சல், மூட்டுவாதம் போன்ற அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அந்தச் சமயத்தில் 60 வந்தாலும் நம்பிவிடாதீர்கள். சீரம் இரும்பு மட்டும் எடுப்பது வீண். முந்தின நாள் போட்ட மாத்திரைக்கே அது ஏறிவிடும்.

8.0, 8.2 இரண்டும் ஒரே முறையில் எடுத்தவையா? சாலி முறையில் (ரத்தத்தை அமிலத்தில் கலந்து நிறத்தை ஒப்பிடும் பழைய முறை) விரலைப் பிசைந்து ரத்தம் எடுத்தால் திசுநீர் கலந்து குறைத்துக் காட்டும். அமிலத்தில் பத்து நிமிடம் விடாமல் அவசரமாகப் பார்த்தாலும் குறையும். ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டு தடவையும் நரம்பு ரத்தம், ஒரே மெஷின்.

கூடவே ஒன்று: இந்த நிலையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பொய்யாகக் கூடுதலாக வரலாம். 6.6 வந்துவிட்டது என்று சர்க்கரை நோயாளி ஆக்கிவிடாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து முடிவெடுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்ததில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. வாரத்தில் மூன்று நாலு நாள், அதுவும் காலை ஒன்று மட்டும், காபியோடு. இரவு மாத்திரையைத் தொடவே இல்லை. ஃபெரிட்டின் 6, டிஎஸ்எச் 9.8. தைராக்சினைக் கூட்டலாமா? உதிரப்போக்கு பற்றிக் கேட்டால் "எப்பவும் போலத்தான்" என்கிறார்.

---

பேறுகாலச்_செவிலி எழுதியது:

"சரியா வருதா" என்று கேட்டால் மாதாமாதம் தேதிக்கு வருகிறதா என்றுதான் அவர்கள் புரிந்துகொள்வார்கள் டாக்டர். பதினைந்து வயதிலிருந்து அப்படியே படுகிறதென்றால் அவர்களுக்கு அதுதான் அளவு. வேறு மாதிரி கேட்க வேண்டும். அதிகம் படும் நாளில் எத்தனை நாப்கின் மாத்தறீங்க? துணியா, நாப்கினா? ரெண்டு சேர்த்து வைக்கிறீங்களா? ராத்திரி எழுந்து மாத்த வேண்டியிருக்கா, பாயில கறை படுதா? கட்டி கட்டியா விழுதா, பத்து ரூபாய்க் காசு அளவுக்கு இருக்குமா? அந்த நாள்ல பஸ்ல போக, வேலைக்குப் போக யோசிப்பீங்களா? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, பெரிய கட்டிகள் இவற்றில் ஒன்று இருந்தாலே அதிகப்போக்குதான். ஆண் டாக்டர் என்றால் எங்களிடம் விட்டுவிடுங்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

மாதம் 80 மில்லி போனாலே சுமார் 40 மி.கி. இரும்பு போகிறது. அதை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

---

பொதுமருத்துவம்_மதுரை எழுதியது:

செவிலி மேடம் சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். அதிகப்போக்கு உறுதியானால் முதலில் கர்ப்பப் பரிசோதனை (ஆபரேஷன் ஆனவராக இருந்தாலும்), பிறகு வயிற்று ஸ்கேன். கர்ப்பப்பைக் கட்டி, அடினோமயோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு அதன் தசைக்குள் வளர்வது) இருக்கிறதா என்று தெரியும். அதுவரை உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் 500 மி.கி. இரண்டிரண்டாக மூன்று வேளை, உதிரம் அதிகமாகப் படும் நாட்களில் மட்டும், அதிகபட்சம் நான்கு நாள். முன்பு கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவருக்கும், ஹார்மோன் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கும் கொடுக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். நீண்ட காலத் தீர்வுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள ஐயுடி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம்) நன்றாக வேலை செய்யும். வயது 45 தாண்டியவர், இரண்டு மாதவிலக்குக்கு நடுவிலும் படுகிறவர் என்றால் கர்ப்பப்பை உள்சவ்வுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இருக்கக் கூடாது.

தைராக்சினைக் கூட்டாதீர்கள். இதே 50-ஐ ஒழுங்கான நேரத்தில் கொடுத்து 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். இப்போது கூட்டினால், நேரம் சரியானதும் டோஸ் அதிகமாகிப் படபடப்பு வரும்.

இவருக்கு ஊசி இப்போதே தேவையில்லை. மாத்திரை தோற்கவில்லை, இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. நான்கு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் 1 கிராம் ஏறாவிட்டால் பாருங்கள். ஊசியில் மொத்தம் எவ்வளவு இரும்பு தேவை என்பதற்கான கணக்கு: எடை × (15 − இப்போதுள்ள ஹீமோகுளோபின்) × 2.4 + 500. இவருக்கு 52 × 6.8 × 2.4 = 849, அதோடு 500, மொத்தம் சுமார் 1350 மி.கி. அயர்ன் சுக்ரோஸ் (ரத்தநாளத்தில் ஏற்றும் இரும்பு மருந்து) என்றால் 100 மில்லி நார்மல் சலைனில் 200 மி.கி. வீதம், ஒரு நாள் விட்டு ஒரு நாளாக ஏழு தடவை. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கையில் இருக்க வேண்டும், முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். ஊசிகள் எல்லாம் முடியும்வரை இரும்பு மாத்திரை வேண்டாம். போட்ட கையோடு ஃபெரிட்டின் எடுத்தால் எகிறிக் காட்டும், ஒரு மாதமாவது விடுங்கள்.

ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்கு.

---

கிராமச்_செவிலியர் எழுதியது:

இரண்டு சந்தேகம். ஆண்களுக்கும் இதே வழிதானா? முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருப்பது பலன் தருமா?

---

பொதுமருத்துவம்_மதுரை எழுதியது:

ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வழி வேறு. அவர்களுக்கு இரும்புக் குறைவு என்று உறுதியானால் இரைப்பை, பெருங்குடல் இரண்டையும் எண்டாஸ்கோபியில் பார்க்கும்வரை விடக் கூடாது. மூலம் இருக்கிறது என்று அதன்மேல் பழியைப் போட்டுப் பெருங்குடல் புற்றுநோயைத் தவறவிடுவது நடக்கிற தவறு. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடும் டைக்ளோபினாக், ஆஸ்பிரின் பற்றியும் கேளுங்கள். மாத்திரையை ஆரம்பிக்கலாம், கொலோனோஸ்கோபிக்கு ஏழு நாள் முன்பு நிறுத்தச் சொல்லுங்கள்.

சாப்பாடு திரும்பக் குறையாமல் காக்கும். 8-ல் இருப்பவரை 12-க்குக் கொண்டுவராது. பீட்ரூட், மாதுளையில் நிறம்தான் சிவப்பு, இரும்பு சொற்பம். கீரையில் இருக்கிறது, உறிஞ்சப்படுவது குறைவு; எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி சேர்ந்தால் கூடும். இங்கே வைட்டமின் சி உண்மையிலேயே உதவும். கறி சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி சொல்லுங்கள், கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈரல் வேண்டாம். எல்லாவற்றையும்விட, சாப்பாடு முடிந்ததும் டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட வையுங்கள்.

---

மாத்திரைக்கட்டு எழுதியது:

செவிலியர் மேடம், வீட்டுக்குப் போகும்போது மாத்திரை எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டிவி மேல், சாமி படத்துக்குக் கீழே, குழந்தை எட்டும் உயரத்தில் இருக்கும். சிவப்பாக மிட்டாய் மாதிரி இருப்பதால் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடும். பத்துக் கிலோ குழந்தை பத்து மாத்திரை தின்றால் கிலோவுக்கு 60 மி.கி., உயிருக்கு ஆபத்தான அளவு. முதலில் வாந்தியும் ரத்தப்பேதியும் வரும், பிறகு சில மணி நேரம் சரியானது போல இருக்கும், அதை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை தின்றது என்று தெரியாவிட்டாலும் காலி அட்டையோடு நேராக மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

வைகைக்கரை சார், ஹீமோகுளோபின் 12 வந்ததும் இவர் நிறுத்திவிடுவார். அதன் பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். இன்றைக்கே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.