பிளாக்பெர்ரி ஒயின்: சென்ற ஆண்டு காடியாகிவிட்டது, இம்முறை எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி – கால்வாய்க்கரையான்

இங்கிலாந்தின் லெஸ்டரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கால்வாய்ப் பாதையில் ஆகஸ்ட் கடைசியில் பிளாக்பெர்ரி கொத்துக் கொத்தாகப் பழுத்துக் கிடக்கும். சென்ற ஆண்டு இரண்டு கிலோ பறித்து வந்து வாளியில் நசுக்கி, குத்துமதிப்பாகச் சர்க்கரை கொட்டி, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைத் தூவினேன். மூன்று நாள் பொங்கிப் பொங்கி நுரைத்தது. நுரை அடங்கியதும் மெல்லிய துணியால் மூடி மூன்று வாரம் விட்டுவிட்டேன். திறந்தால் மூக்கைத் துளைக்கும் காடி வாசனை, துணியின் மேல் பழ ஈக்கள். இம்முறை 4.5 லிட்டர் டெமிஜான் (குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிச் சாடி) ஒன்றும், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக்கும் வாங்கியிருக்கிறேன். சர்க்கரை எவ்வளவு போடுவது? கள்ளக்குறிச்சிச் செய்தியைப் படித்ததிலிருந்து, இதிலும் மெத்தனால் வந்துவிடுமோ என்று மனைவி அஞ்சுகிறார்.

மறுமொழி – பழைய டெமிஜான்

நுரைக்கும்வரை கரியமில வாயு மேலெழுந்து காற்றை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. நுரை அடங்கியபின் அந்தக் காவல் போய்விட, பழ ஈ சுமந்து வந்த பாக்டீரியா காற்றின் துணையோடு சாராயச் சத்தைக் காடியாக்கிவிட்டது. ஆகவே வாளியில் ஐந்தாறு நாள் போதும். அந்நாட்களில் மூடியை இறுக்காமல் மூடி, மேலே மிதக்கும் சக்கையைத் தினம் இருமுறை சுத்தமான கரண்டியால் அமுக்கிவிடுங்கள். விட்டால் சக்கை காய்ந்து பூசணம் பிடிக்கும். பிறகு துணியில் வடிகட்டி டெமிஜானில் ஊற்றி ஏர்லாக்கைப் பொருத்துங்கள். வடிகட்டும்போது பிழிந்தெடுக்க ஆசை வரும், பிழியாதீர்கள், கலங்கல்தான் மிஞ்சும்.

பழத்தை வேகவைக்கவும் வேண்டாம். வெந்தால் பெக்டின் என்னும் பழப்பசை வெளியேறி ஒயின் தெளியாமல் நிற்கும். நசுக்கிய பழத்தில் கிருமிகளை அடக்கும் சல்பைட் மாத்திரையான காம்ப்டன் ஒன்றைப் பொடித்துப் போட்டு, ஒரு நாள் முழுதும் கழிந்தபின்தான் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். முந்தினால் மாத்திரை ஈஸ்ட்டையே முடக்கிவிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் சல்பைட் சேர்த்த ஒயின் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு மாதத்தில் அடியில் மண்டி படியும். மண்டி கலங்காமல் மேலுள்ளதை மட்டும் குழாய் வழியே இன்னொரு டெமிஜானுக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி வையுங்கள். 'தேறு' என்றால் தெளிதல். தெளிந்த மதுவைத் தேறல் என்று நம் முன்னோர் அழைத்ததன் பொருள், வசந்தம் வரை அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நன்றாகப் புரியும்.

மறுமொழி – அளவுகோல்

சர்க்கரையைக் கணக்கிட்டுப் போடலாம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். 12 விழுக்காடு வேண்டுமென்றால் 4.5 லிட்டருக்கு 918 கிராம். இரண்டு கிலோ பிளாக்பெர்ரியில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால், 800 முதல் 850 கிராம் வரை போதும். இனிப்பாக வரட்டும் என்று தொடக்கத்திலேயே அள்ளிக் கொட்டினால் ஈஸ்ட் பாதியில் திணறி நின்றுவிடும்.

ஹைட்ரோமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்; திரவத்தின் அடர்த்தியை அளந்து, சர்க்கரை எவ்வளவு நொதித்திருக்கிறது என்று காட்டும் கருவி அது. தொடக்கத்தில் 1.080 முதல் 1.085 வரை காட்ட வேண்டும், முடிவில் 0.995 அல்லது அதற்கும் கீழே இறங்கி, பல நாள் அதே இடத்தில் நிற்க வேண்டும். நுரை நின்றதை நம்பியதுதான் உங்கள் முதல் தவறு. ரொட்டி ஈஸ்ட்டாலும் ஒயின் ஆகும், ஆனால் அதன் மண்டி இறுகிப் படியாமல் சிறு அசைவுக்கும் எழும்பி வரும். ஒயின் ஈஸ்ட் ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

உங்கள் மனைவியின் அச்சத்தைப் பொறுத்தவரை, பழ ஒயினில் பெக்டின் சிதைவதால் சிறிதளவு மெத்தனால் உண்டாகிறது, ஆனால் அது கடை ஒயினிலும் உள்ளதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். காய்ச்சி வடிப்பது வேறு விஷயம். உரிமமின்றி அதைச் செய்வது இங்கே குற்றம்.

மறுமொழி – உடைந்த பாட்டில்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நொதித்தல் முடிந்துவிட்டதென்று நம்பி, கொஞ்சம் சர்க்கரையும் கலந்து ஆறு பாட்டில்களில் அடைத்து, படிக்கட்டின் கீழுள்ள அலமாரியில் வைத்தேன். மே மாதம் வெயில் ஏறியதும் ஒருநாள் நள்ளிரவில் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம். இரண்டு பாட்டில்கள் சிதறி, அங்கே தொங்கிய குளிர்கால மேலங்கிகளெல்லாம் ஊதாவாகிவிட்டன. இனிப்புச் சேர்ப்பதானால் ஒயின் நன்றாகத் தெளிந்தபின், ஈஸ்ட் மீண்டும் பெருகி வாயு உண்டாக்காமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட்டும் காம்ப்டன் மாத்திரையும் போட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

இங்கே சொந்தப் பயன்பாட்டுக்கு உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. ஊரிலுள்ள உறவினருக்கு இந்தச் செய்முறையை அனுப்ப நினைப்பவர்கள் நிதானிக்கவும்: தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி வீட்டில் ஒயின் செய்வதும் குற்றமே.

கால்வாய்க்கரையான்

மூவருக்கும் நன்றி. ஹைட்ரோமீட்டர் வாங்கிவிட்டேன். அலமாரியிலிருந்து மேலங்கிகளையும் எடுத்துவிட்டேன்.