ஊழியத்துக்குப் போகும் மார்மன் தாத்தா பாட்டிகள்: சந்தித்தவர்கள் எழுதுங்கள்

லீஹைவாசி, யூட்டா:

மார்மன் ஊழியக்காரர் என்றதும் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக இருவர் இருவராக வரும் இளைஞர்கள்தான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார்கள். மார்மன் என்னும் இந்தக் கிறிஸ்தவச் சபையின் தலைமையகம் இருக்கும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குடியேறிய பிறகுதான் எனக்கு இன்னொரு வகை தெரிய வந்தது. பணி ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்தவர்கள் கணவனும் மனைவியுமாகப் பெட்டி கட்டிக்கொண்டு ஒன்றரை வருடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே இப்படிக் கிளம்பியவர்கள் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் வாழ்நாள் முழுவதும் கணக்காளராக இருந்தவர். அவர்கள் விண்ணப்பித்திருந்த சமயத்தில் என் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். ஆறு மாதம் தங்கிப் பேத்தியைப் பார்த்துக்கொள்ளக் கடல் கடந்து வந்தவருக்கு, தன் வயதுடைய ஒரு பாட்டி பேரப்பிள்ளைகள் அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் புறப்படுகிறார் என்பது பிடிபடவே இல்லை. "மருமகளோடு ஏதாவது மனத்தாங்கலா?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். அப்படி எதுவும் இல்லை. அந்த மருமகள்தான் வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

இளைஞர்கள் "இந்த ஊர் வேண்டும்" என்று கேட்க முடியாது. பிரேசிலோ பக்கத்து மாநிலமோ, வந்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். மூத்த தம்பதிகளுக்குக் கதையே வேறு. சபையின் இணையத்தளத்தில் அவர்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஊழிய அலுவலகம், மனிதநேய உதவி, ஆலயப் பணி (ஞாயிறு வழிபாட்டுக் கூடம் அல்ல, புனிதச் சடங்குகளுக்கான தனிக் கட்டடம்), பழைய ஆவணங்களைப் படமெடுப்பது, இல்லினாயிலுள்ள நாவூ போன்ற வரலாற்றுத் தலங்கள், இளம் ஊழியக்காரர்களுக்கு மருத்துவ ஆலோசனை என்று நீண்டுகொண்டே போகிறது. கதவு தட்டும் வேலை பெரும்பாலும் இவர்களுக்குக் கிடையாது. 6, 12, 18, 23 மாதம் என்று காலத்தையும் அவர்களே குறிப்பிடலாம். அந்தப் பெரியவர் பட்டியலை அச்செடுத்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். ஐரோப்பா முழுவதும் மஞ்சள்.

விருப்பத்தை எழுதிக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏணிப்படி. முதலில் தங்கள் வட்டாரச் சபையின் பிஷப். மார்மன் பிஷப் சம்பளம் வாங்கும் குருவானவர் அல்லர்; இந்த வட்டாரத்து பிஷப் பகலில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அவர் பேசிப் பார்த்த பிறகு, பல வட்டாரங்களுக்குப் பொறுப்பான ஸ்டேக் தலைவர் பேசுகிறார். மருத்துவர் நிரப்பும் படிவம் தனி, பல் மருத்துவர் நிரப்பும் படிவம் தனி. எல்லாம் சால்ட் லேக் சிட்டியிலுள்ள ஊழியத் துறைக்குப் போகிறது. எங்கே அனுப்புவது என்ற முடிவு, சபையின் மூத்த தலைவர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவருடையது. கடிதத்தில் கையொப்பம் சபைத் தலைவருடையது.

கடிதம் இப்போது இணைய வழியில் வந்துவிடுகிறது. ஆனாலும் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் திறந்தார்கள். நாங்களும் போயிருந்தோம். பெரியவர் உரக்க வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அந்த வரியை வாசித்தார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓர் ஊழிய அலுவலகம்; வேலை, நிதிச் செயலர். "கணக்கு எழுதுவதைத் தவிர எது கொடுத்தாலும் செய்கிறேன்" என்று பிஷப்பிடம் சொல்லியிருந்தாராம். முதலில் சிரித்தவர் அவர் மனைவி. பிறகு கூடமே சிரித்தது. பெரியவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நல்ல மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். எனக்கென்னவோ இந்த விஷயத்தில் மருத்துவப் படிவம்தான் ஜாதகம். மஞ்சள் கோடெல்லாம் அதற்கு அப்புறம்.

நீங்கள் பார்த்தவர்களுக்கு எப்படி அமைந்தது? எழுதுங்கள்.

திருச்சி வாசகர்:

சம்பளம் உண்டா ஐயா? வாடகை யார் கொடுப்பது?

லீஹைவாசி:

சம்பளம் கிடையாது, செலவும் அவர்களுடையதே. இளைஞர்களுக்காவது எந்த நாட்டுக்குப் போனாலும் மாதம் ஒரே தொகை என்ற ஏற்பாடு உண்டு. 2020 ஜூலையில் அது 400 டாலரிலிருந்து 500 ஆனது. மூத்தவர்கள் தங்கள் ஓய்வூதியத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் சமாளிக்க வேண்டும். முன்பு விலையேறிய நகரங்களுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை. டோக்கியோவில் ஒன்றரை வருடம் வாடகை கொடுக்க யாரால் முடியும்? 2011 செப்டம்பரில் ஒரு வரம்பு வந்தது. தம்பதிகள் வீட்டுச் செலவாக மாதம் அதிகபட்சம் 1,400 டாலர் கொடுத்தால் போதும், அதற்கு மேற்பட்டதைச் சபை ஏற்கும் என்றார்கள். குடும்பத்தில் முக்கியமான நிகழ்வு என்றால் சொந்தச் செலவில் சில நாட்கள் ஊருக்கு வந்துபோகலாம் என்ற சலுகையும் அதே அறிவிப்பில் இருந்தது. முதியோருக்கான அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு பொதுவாக வெளிநாட்டில் செல்லாது என்பதால் அதற்கும் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கம்பாலா பொறியாளர்:

நான் பார்த்த தம்பதி எந்த ஊரையும் கேட்காதவர்கள். நான் உகாண்டாவில் ஆழ்துளைக் கிணறு அமைக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தபோது, சபை நிதி கொடுத்த கிணறுகளைப் பார்வையிட ஒரு ஐடஹோ தம்பதி வருவார்கள். அவர் பால் பண்ணை வைத்திருந்தவர். அந்த அம்மாள் பள்ளி ஆசிரியை. விண்ணப்பத்தில் "எங்கு வேண்டுமானாலும்" என்று எழுதியதாகச் சொன்னார்கள். கடிதம் வந்த பிறகுதான் உகாண்டா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினார்களாம்.

அவர்களுடைய அலுவல் என்னவோ படம் எடுப்பது, கிராமக் குழுவோடு பேசுவது, அறிக்கை எழுதுவதுதான். பெரியவருக்கு அது போதவில்லை. ஒரு கிராமத்தில் கைப்பம்பு அடித்தால் தண்ணீர் வரத் தாமதமாகிறது என்று பெண்கள் சொன்னார்கள். அவர் டையைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, எங்கள் பணியாளரிடம் ஸ்பேனர் வாங்கி, பம்பின் தலையைத் தானே கழற்ற ஆரம்பித்துவிட்டார். உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. மனைவி நிழலில் நின்றபடி, "இதற்குத்தான் இவரை மாடுகளிடமிருந்து பிரித்துக் கூட்டி வந்தேன்" என்றார்.

மதப் பிரசாரம் செய்தார்களா என்று கேட்பீர்கள். என்னிடம் இல்லை. பெயர்ப் பட்டை சட்டையில் இருந்தது. கேட்டால் பதில் சொல்வார்கள். எங்கள் குழுவில் ஓர் இளைஞன் நிறையக் கேட்டான். அவனுக்குச் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகம் ஒன்று கிடைத்தது.

பிராவோ மாணவி:

எனக்கு வீடு வாடகைக்கு விட்டவர்களுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் ஓர் ஊழியப் பகுதிக்குத் தலைவராகப் போயிருந்தார். அவர் முன்பே தொலைபேசியில் பேசி, "எனக்கு அலுவலகத்துக்கு ஆள் வேண்டும், வருகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர்களும் அதையே விருப்பமாக எழுதிக் கொடுத்தார்கள், அதுவே வந்தது. கடிதத்தைத் திறக்கும்போது அழுதார்கள். எனக்கு ஆச்சரியம். பதில் தெரிந்த கடிதம்தானே? வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேவிட்டேன். "தெரிந்தது வேறு, அனுப்பப்படுவது வேறு" என்றார். நான் அதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள், அவர் நம்புகிறார்.

பயிற்சி இங்கே பிராவோ மையத்தில்தான். வேற்று மொழி படிக்கும் இளைஞர்கள் வாரக்கணக்கில் அடைந்து கிடக்கும் இடத்தில் இவர்கள் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். உணவுக்கூடத்தில் பத்தொன்பது வயதுப் பையன்களுக்குப் பின்னால் தட்டோடு வரிசையில் நிற்கும் தாத்தாக்களைப் பார்க்க வேண்டும்! கட்டுப்பாடுகளும் இளைஞர்களுக்குப் போல அவ்வளவு இறுக்கமில்லை. வீட்டுக்குப் பேச நாள் நேரம் பார்க்க வேண்டியதில்லை, அன்றாட வேலை நேரத்தையும் பெரும்பாலும் தாங்களே வகுத்துக்கொள்கிறார்கள்.

டொராண்டோ, பூர்வீகம் பாளையங்கோட்டை:

சால்ட் லேக் சிட்டியில் சபையின் குடும்ப வரலாற்று நூலகம் இருக்கிறது. 2023 முதல் ஃபேமிலிசெர்ச் நூலகம் என்று பெயர். கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைக்குமா என்று தேடிப் போனேன். எனக்கு உதவியவர்கள் எழுபதைத் தாண்டிய கணவன் மனைவி, இருவருக்கும் பெயர்ப் பட்டை. அவர்கள் வெளியூர் போகாத வகை. சொந்த வீட்டில் இருந்துகொண்டே வாரத்தில் சில நாட்கள் வந்து பணி செய்கிறார்கள். கணவருக்கு டயாலிசிஸ் நடப்பதால் தொலைவுக்குப் போக வழியில்லை. ஸ்டேக் தலைவரே உள்ளூரில் இந்த இடத்தை ஏற்பாடு செய்தாராம்.

இந்தியா என்றதும் அந்த அம்மாள் உற்சாகமாக யாத்திரிகர்களின் வம்சாவளியை எழுதிவைக்கும் ஹரித்வார்ப் புரோகிதர்களான பண்டாக்களின் பதிவேடுகளைத் திரையில் திறந்து காட்டினார். உண்மையிலேயே அவை அங்கே இருக்கின்றன. நான் தெற்கே, அதுவும் கிறிஸ்தவக் குடும்பம் என்று விளக்கினேன். துளியும் சோர்ந்துபோகாமல் சென்னைப் பக்கத்துத் தேவாலயப் பதிவுகளுக்குத் தாவினார். கொள்ளுத்தாத்தா அகப்படவில்லை. ஆனால் "எஸ்தர்", "ஞானம்மாள்" என்றெல்லாம் ஆங்கில எழுத்தில் கோணல்மாணலாக இருந்ததை நான் வாசித்துக் காட்ட, அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். அடுத்து யாராவது தமிழர் வந்தால் உதவுமாம்.

இந்தப் பதிவேடுகளின் படங்களை ஊர் ஊராகப் போய் எடுத்தவர்களில் பலரும் இப்படிப்பட்ட தம்பதிகளே. 1938இல் நுண்படச் சுருளில் தொடங்கிய வேலை அது. சேர்ந்த 24 லட்சம் சுருள்களையும் 2021இல் கணினிக்கு மாற்றி முடித்தார்கள். இப்போதும் ஆவணக் காப்பகங்களில் கேமராவோடு உட்கார ஆள் கேட்டு அந்தப் பட்டியலில் அறிவிப்பு வருகிறது.

டாலஸ் செவிலி:

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன்.

ராபர்ட் ஹேல்ஸ் என்ற அப்போஸ்தலர் சபையின் மாநாட்டு உரை ஒன்றில், தம்பதிகளைத் தடுப்பவை என்று நான்கைச் சொன்னார்: பயம், குடும்பக் கவலை, ஏற்ற பணி அமையுமா என்பது, பணம். என்னோடு வேலை பார்த்த மார்மன் தோழியின் வீட்டில் நான் ஐந்தாவதைப் பார்த்தேன். தோழிக்கு ஆசை, கணவருக்கு இல்லை. நேர்காணலில் பிஷப் இருவரையும் கேட்பார். கணவர் "இல்லை" என்று சொல்லமாட்டார், "அடுத்த வருடம்" என்பார். மீன்பிடி படகு வாங்கினார். அதற்கடுத்து முழங்கால் அறுவை. தோழி மருத்துவப் படிவத்தை நிரப்பி நிரப்பிக் காலாவதியாக்கினார். ஊர் ஊராகப் போன தம்பதிகள் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து அனுபவம் சொல்லும்போது தோழி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டாயமில்லை என்பது உண்மை. இளைஞர்களில் ஆண்களுக்கு அது கடமை, இவர்களுக்கு அழைப்பு மட்டுமே. ஆனால் சுற்றிலும் எல்லாரும் போய்வரும் ஊரில் வீட்டிலிருப்பவர் காரணம் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

கணவர் இறந்த பிறகு அவர் தனியாகப் போனார். நாற்பது வயதைத் தாண்டிய தனிப்பெண்களும் விண்ணப்பிக்கலாம். இன்னொரு பெண்மணியை இணையாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். யார் என்பதும் மேலேயிருந்து முடிவாகிறது. முன்பின் பார்த்திராத இருவர், அறுபது வயதுக்கு மேல், ஒரே அடுக்குமாடி வீட்டில்! தோழிக்கு வாய்த்தவர் மினசோட்டாக்காரர். இவர் டெக்ஸஸ். குளிரூட்டி எத்தனை டிகிரியில் என்பதில் முதல் மாதமே பேச்சு நின்றுபோனது. இவர் இரவில் சுவெட்டர் போட்டுக்கொண்டு படுத்தார், அவர் ஜன்னலைத் திறந்து வைத்தார். பிறகு யாரோ மூன்றாமவர் வீட்டுச் சமையலின் ருசி விஷயத்தில் இருவரும் ஒரே கட்சியானார்கள், அதிலிருந்து சிநேகம். இப்போது வருடத்துக்கு ஒருமுறை இவர் மினசோட்டா போகிறார், கோடையில் மட்டும்.

லீஹைவாசி:

செவிலி அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பேரப்பிள்ளை விஷயத்தில் அந்த நெருக்குதல் இன்னும் வெளிப்படை. ஜெஃப்ரி ஹாலண்ட் என்ற அப்போஸ்தலர் 2011 அக்டோபர் மாநாட்டில், வீட்டிலேயே இருந்து அவர்களைச் சுற்றிச் சுற்றி வருவதைவிட ஊழியத்துக்குப் போவதால் அவர்களுக்குப் பெரிய நன்மை செய்வீர்கள் என்ற பொருள்படப் பேசினார். பக்கத்து வீட்டு அம்மாள் இதைச் சொன்னபோது நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா, "அதைச் சொன்னவருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டா?" என்றார். உண்டு என்றதும், "அப்படியானால் சரி, யோசித்துத்தான் சொல்லியிருப்பார்" என்று விட்டுவிட்டார். அந்த அம்மாளோ ஊழியத்திலிருந்தபடியே தினமும் காலையில் பேரன்களுக்கு வீடியோவில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கணவருக்குப் பிடிக்காத கணக்கு அவரையும் விடவில்லை.

கோவை ஓய்வூதியர்:

எனக்கும் மனைவிக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. சபையில் சேராதவர்கள், அந்தக் கிணறு வேலைக்கோ நூலக வேலைக்கோ மட்டும் பேர் கொடுக்க முடியுமா?

பிராவோ மாணவி:

ஊழியக்காரராக முடியாது ஐயா. உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, ஆலயத்துக்குள் செல்லத் தகுதி உண்டு என்று பிஷப்பும் ஸ்டேக் தலைவரும் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மது, புகையிலை, தேநீர், காப்பி எதுவும் கூடாது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

கோவை ஓய்வூதியர்:

காப்பியுமா? மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன்.